எலிக்கு வளையா, கூடா?

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்து ஊரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். விலங்குகளையும் அவற்றின் இருப்பிடங்களையும் இணைக்கும் பயிற்சித்தாளில் எலிக்குக் கூடு, எறும்புக்குக் கூடு, பாம்புக்கு மட்டைக் குவியல், ஆந்தைக்குப் பெட்டி என்று எழுதியிருக்கிறான். நான்கையும் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "நான் பார்த்ததைத்தானே எழுதினேன்" என்று பையன் அழுகிறானாம். "சரியான பட்டியலைக் கொடுங்கள், மனப்பாடம் செய்ய வைக்கிறேன்" என்கிறார் தாய்.

பட்டியலை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். மாட்டுக்குத் தொழுவம், ஆட்டுக்குப் பட்டி, குதிரைக்கு லாயம், யானைக்குக் கூடம், கோழிக்குக் கூண்டு, பறவைக்குக் கூடு, எலிக்கும் நண்டுக்கும் வளை, கறையானுக்கும் எறும்புக்கும் பாம்புக்கும் புற்று, சிலந்திக்கு வலை, சிங்கத்துக்குக் குகை, ஆந்தைக்கும் கிளிக்கும் பொந்து. தேர்வுத்தாளில் இவற்றை எழுதினால் மதிப்பெண் வரும். ஆனால் நீங்கள் கேட்டதாக நான் புரிந்துகொண்டது வேறு. பிள்ளையின் கண்ணும் புத்தகமும் மோதும்போது எதைச் சரி என்று சொல்லிக் கொடுப்பது? உங்கள் மகன் எழுதிய நான்கும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உண்மை. அதை அவனிடம் முதலில் சொல்லிவிடுங்கள். பட்டியலை அதன்பிறகு படிக்கட்டும்.

தமிழில் இந்தச் சொற்கள் விலங்கின் பெயரோடு ஒட்டிப் பிறந்தவை அல்ல. அந்த இடம் எப்படி உண்டானது என்பதைச் சொல்பவை. குடைந்தால் வளை. மண்ணைக் குழைத்தோ குவித்தோ எழுப்பினால் புற்று. பின்னியோ, தைத்தோ, பொருளைக் கொண்டுவந்து சேர்த்தோ கட்டினால் கூடு. மரத்தில் ஏற்கெனவே இருக்கும் துளை பொந்து, பாறையில் இருக்கும் பெரிய குடைவு குகை. நூலால் விரித்தது வலை. எலி, பாம்பு என்று விலங்கைப் பிடித்துக்கொண்டு சொல்லைத் தேடினால் குழப்பம்தான் வரும். இடத்தைப் பார்த்துச் சொல்லைத் தேடினால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெளிவாக இருக்கும்.

எலியையே எடுத்துக்கொள்வோம். வயல் எலி வரப்பைக் குடைந்து உள்ளே போய்க் குட்டி போடும், அது வளை. "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்ற பழமொழி நெல் விளையும் ஊரில் பிறந்தது, பாடநூலின் விடையும் அங்கிருந்து வந்ததுதான். மலேசியாவிலும் நெல் வயல் பகுதிகளில் வயல் எலி வரப்பில் வளை தோண்டுகிறது. செம்பனைத் தோட்டத்தில் கூடுதலாகத் திரிவது காட்டு எலி, வேறு இனம். அது பெரும்பாலும் தரையைக் குடைவதில்லை. மரத்தின் கொண்டையில் மட்டையும் தண்டும் சேரும் இடுக்கிலோ, வெட்டிப் போட்ட மட்டை அடுக்குக்கு அடியிலோ, காய்ந்த இலையையும் நாரையும் கிழித்துச் சேர்த்து உருண்டையாக வைத்துக்கொள்கிறது. குலை வெட்டும்போது அந்த உருண்டை கீழே விழுந்து பிரிவதை உங்கள் மகன் பார்த்திருக்கிறான். அதற்குக் கூடு என்பதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. வீட்டுக் கூரைக்கும் பலகைக்கும் நடுவே துணியையும் காகிதத்தையும் கிழித்துச் சேர்க்கும் வீட்டு எலிக்கும் அதே சொல்தான். தேர்வில் 'எலி வளை' என்று எழுதட்டும். கண்ணால் பார்த்ததை 'எலிக்கூடு' என்றே சொல்லட்டும். இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்காது.

எறும்புக்கும் இப்படித்தான். தரைக்குள் அறை குடைந்து, தோண்டிய மண்ணை வாயில் ஓரமாகக் கொட்டி வைக்கும் எறும்புக்குப் புற்று என்பது சரி. மாமரத்திலும் ரம்புத்தான் மரத்திலும் செம்பனையிலும் இருக்கும் சிவப்பு முசுறு, மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பது, மண் பக்கமே வீடு கட்டுவதில்லை. பச்சை இலைகளின் ஓரத்தை வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இழுத்துப் பிடிக்கும். இடைவெளி பெரிதாக இருந்தால் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலி போல் தொங்கும். இலைகள் சேர்ந்ததும் வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் தூக்கி வரும். புழுவின் வாயிலிருந்து பட்டு இழை வரும். அதை இந்த ஓரத்தில் ஒரு தொடுதல், அந்த ஓரத்தில் ஒரு தொடுதல் என்று மாற்றி மாற்றி வைத்துத் தைக்கும். கூட்டைப் பிரித்துப் பார்த்தால் இலைகளுக்கு நடுவே தெரியும் வெள்ளைப் படலம் அந்தப் பட்டுதான். கையில் மண்ணே படாத இந்த வேலையைப் புற்று என்று எழுதச் சொல்வது சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

பாம்புக்கு வருவோம். 'பாம்புப் புற்று' என்று நாம் வாய்க்கு வாய் சொல்கிறோம். ஆனால் பாம்பு புற்று கட்டுவதில்லை. மண்ணைக் குழைத்து எழுப்ப அதற்குக் கையோ காலோ தாடையோ வசதியாக இல்லை. "கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது போல" என்ற பழமொழியே யார் கட்டியது, யார் குடியேறியது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறது. நாகம் கறையான் கைவிட்ட புற்றிலும் எலி வளையிலும் நுழையும். உங்கள் பக்கத்தில் அதற்கு வாகான இடம் செம்பனை வரிசைகளுக்கு நடுவே அடுக்கிய மட்டைதான்: ஈரம், நிழல், உள்ளேயே எலி. மலைப்பாம்பு சாலைக்கு அடியில் போகும் நீர்க்குழாயில் கிடக்கும். ஒரே ஒரு விதிவிலக்கு ராஜநாகம். அதன் பெண் பாம்பு உடலை வளைத்துச் சருகுகளை இழுத்துக் குவித்து, அதற்குள் முட்டையிட்டுக் காவல் இருக்கும். பாம்புகளில் இப்படிக் கூடு கட்டும் இனம் அது ஒன்றுதான், மலேசியக் காடுகளிலும் காட்டோரத் தோட்டங்களிலும் அது உண்டு. 'பாம்புக்கூடு' என்று ஒரு பிள்ளை எழுதினால்கூட முழுத் தவறு என்று சொல்ல முடியாது.

கறையானுக்குப் புற்று என்பதிலும் ஒரு கவனம் வேண்டும். மேட்டுப் புற்று எழுப்பும் கறையான்கள் உங்கள் தோட்டத்து ஓரங்களில் உண்டு. ஆனால் கரிமண் நிலத்தில் செம்பனையைத் தின்று கொல்லும் கறையான் வெளியில் மேடு எதுவும் எழுப்பாது. புதைந்து கிடக்கும் பழைய மரக்கட்டைக்குள் இருந்துகொண்டு தண்டின் மேல் மண்பூச்சாக ஏறி வரும். அந்த மண்பூச்சு புற்று அல்ல, போகவர மூடிய பாதை. புற்றைத் தேடி இடித்துவிட்டோம், இனிக் கறையான் வராது என்று நம்புகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ஆந்தைப் பெட்டிக்குச் சிவப்பு மை போட்டது எனக்கும் வருத்தம் தருகிறது. தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கூகை என்ற ஆந்தையை வளர்ப்பது மலேசியாவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. 4 முதல் 5 மீட்டர் உயரக் கம்பத்தின் மேல் பலகைப் பெட்டி. 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒன்று என்ற கணக்கில் வைப்பார்கள். கூகை கூடு கட்டும் பறவை அல்ல. குச்சியோ புல்லோ கொண்டுவராது. பொந்தின் அடியிலோ பெட்டியின் பலகை மேலோ நேராக முட்டையிடும். தான் கக்கிய எலி முடி, எலும்பு உருண்டைகள் மிதிபட்டுத் தூளாகி அதுவே மெத்தை ஆகிவிடும். ஏறக்குறைய 30 நாள் அடைகாக்கும், குஞ்சு பறக்க இன்னும் 2 மாதம் போல ஆகும். அதனால் 'ஆந்தைக்கூடு' என்பது பொருந்தாது. காட்டில் பொந்து, தோட்டத்தில் பெட்டி என்பதுதான் துல்லியம். இந்தப் பெட்டிகளில் நடக்கும் கோளாறும் மொழிக்கு ஒரு பாடம். சில பெட்டிகளில் ஆந்தைக்கு முன்னால் தேனீ குடியேறிவிடும். அப்போது ஆந்தைப் பெட்டிக்குள் இருப்பது தேன்கூடு. பெட்டி நாம் கொடுத்த இடம், கூடு தேனீ கட்டியது. இன்னொரு கோளாறு இதைவிட மோசம். எலிக்கு வீரியமான விஷம் வைத்தால் அந்த எலியைத் தின்ற கூகையும் சாகும், பெட்டி காலியாகவே நிற்கும்.

தேனீயைச் சொன்னதால் கூடு, அடை இரண்டையும் பிரித்துவிடுகிறேன். அடை என்பது மெழுகால் ஆன தட்டு, ஆறு பக்க அறைகள் கொண்டது. கூடு என்பது முழு இருப்பிடம். மலைத்தேனீ காட்டில் உயர்ந்து நிற்கும் துவாலாங் மரத்துக் கிளையில் வெளிப்படையாக ஒரே பெரிய அடையாகத் தொங்கவிடும். அங்கே கூடும் அடையும் ஒன்றுதான். பொந்துத் தேனீ இருட்டுக்குள் பல அடைகளை அடுத்தடுத்து வைக்கும். வீட்டுப் பின்புறத்தில் மரக்கட்டையோடு வளர்க்கும் கெலுலூட் கொட்டாத தேனீ. மரப்பிசின் கலந்து வாசலில் ஒரு குழல் நீட்டியிருக்கும், உள்ளே தேன் சிறு சிறு குடங்களில் இருக்கும். அதற்கு அடை என்ற சொல் பொருந்தாது.

சிலந்திக்கு வலை என்பது பெரும்பாலும் வேட்டைக் கருவி. சில சிலந்திகள் வலையின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும், சில ஓரத்தில் இலை மடிப்பில் ஒளிந்திருக்கும். வலையே பின்னாமல் தாவிப் பிடிக்கும் சிலந்திகளும் சுவரில் உண்டு. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். மேலே கோயில் குகைக்குப் போகும் வழியில் உள்ள இருட்டுக் குகைக்குள் மிகப் பழமையான வகைச் சிலந்தி ஒன்று வாழ்கிறது. பட்டால் குழாய் செய்து, அதற்கு மண் ஒட்டிய மூடி போட்டு, மூடியைச் சுற்றிச் சில இழைகளை நீட்டி வைத்திருக்கும். பூச்சி இழையில் கால் வைத்ததும் மூடியைத் திறந்து பிடிக்கும். கதவு வைத்த வீட்டை வலை என்று எப்படிச் சொல்வது?

பறவைக்கூடுகளில் தூக்கணாங்குருவிக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். மலாயில் தெம்புவா. ஆண்குருவி புல்லையும் ஓலையையும் நீளவாக்கில் கிழித்து, அலகால் முடிச்சுப் போட்டுப் பின்னும். தலைக்கவசம் போல் பாதி கட்டியதும் நிறுத்திவிட்டு, தொங்கியபடி இறக்கையை அடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து பிடித்துப் பார்த்துத் திருப்தியானால்தான் மீதிக் கூடும் நீண்ட குழாய் வாசலும் முடியும். பிடிக்காவிட்டால் பாதிக் கூடு அப்படியே தொங்கும். ஆற்றோரத் தென்னையில் முழுக்கூடுகளோடு பாதிக் கூடுகளும் சேர்ந்து தொங்குவதற்குக் காரணம் இதுதான், காற்று பிய்த்துப் போட்டதல்ல. உள்ளே ஈரமண் அப்பியிருப்பது உண்மை. அதில் மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கும் என்பது கதை. ஊரின் பழைய கடைவீடுகளில் மாடியை அடைத்து ஒலிபெருக்கி வைத்து வளர்க்கும் குருவிக்கும் கூடுதான் சொல். அது எச்சிலால் மட்டுமே கட்டுவது, அதனால்தான் விலை. கட்டடம் நம்முடையது, கூடு அதனுடையது.

இனி மனிதர் கட்டிக் கொடுக்கும் இடங்கள். இங்கே சொல்லைத் தீர்மானிப்பது கட்டுமானம். மேலே கூரை, கீழே முளை அல்லது தறி, முன்னால் தீவனத்தொட்டி, மாட்டைக் கட்டிப் போடும் இடம் என்றால் தொழுவம். நான்கு பக்கமும் வேலி அடைத்து, கட்டாமல் கூட்டமாக விடும் இடம் பட்டி; அதற்குக் கூரை இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. கம்பம் நட்டுக் கூரை போட்ட எதுவும் கொட்டகை. தோட்டத்துப் பேச்சில் கொட்டாய். மலேசியாவில் ஆட்டைப் பட்டியில் விட்டால் ஈரத்தில் குளம்பு அழுகும், குடற்புழு பெருகும். அதனால் தரையிலிருந்து 4, 5 அடி உயரத்தில் பலகைச் சட்டங்களைப் பரப்பிக் கொட்டகை போடுவார்கள். சட்டங்களுக்கு நடுவே ஒன்றரை முதல் 2 சென்டிமீட்டர் சந்து விடவேண்டும். குறைத்தால் புழுக்கை அடைத்துக்கொண்டு மூத்திர வாடை ஏறும், கூட்டினால் குட்டியின் கால் மாட்டி முறியும். தமிழ்நாட்டில் இதே அமைப்பைப் பரண் என்கிறார்கள். பாடநூலில் ஆட்டுக்குப் பட்டி இருக்கும், உங்கள் பக்கத்து வீட்டில் இருப்பது கொட்டகை. தேர்வுக்கு முன்னது, வாழ்க்கைக்குப் பின்னது.

லாயம் என்றால் குதிரை கட்டும் இடம். பாட்டி சொல்லும் 'லயன் வீடு' வேறு. அது தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடு, ஆங்கிலேயர் 'லைன்' என்றதிலிருந்து வந்தது. பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்டால் கட்டாயம் திருத்துங்கள். நம் தாத்தா பாட்டி வாழ்ந்த வீட்டின் பெயர் விலங்குப் பட்டியலில் இல்லை.

கூடு, கூண்டு இரண்டிலும் ஒரு கோடு போடலாம். உயிர் தானே கட்டிக்கொண்டது கூடு. அதை அடைக்க நாம் கம்பியால் செய்தது கூண்டு. கிளிக்கூண்டு, எலிக்கூண்டு என்றால் நம் வேலை. கோழிக்கு மட்டும் இந்தக் கோடு நிற்காது. கோழிக்கூண்டு, கோழிக்கூடு இரண்டும் வழக்கில் உண்டு, இரண்டுக்கும் மதிப்பெண் கொடுக்கலாம். இது இலக்கண விதி அல்ல, வழக்கு என்பதையும் சொல்லவேண்டும். தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர் ஒன்பதை வரையறுக்கிறது. ஆண், பெண் பெயர்களையும் சொல்கிறது. இருப்பிடப் பெயர்களுக்கு அப்படி ஒரு வரையறையை அது வைக்கவில்லை. அதனால் குட்டி, கன்று மாறினால் மரபுப்பிழை என்று உறுதியாகச் சொல்லலாம். இருப்பிடச் சொல் மாறும்போது அந்த இடம் எப்படிப்பட்டது என்று கேட்டுவிட்டுத்தான் சொல்லவேண்டும்.

பிள்ளை எல்லாவற்றுக்கும் 'கூடு' போடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். மலாயில் சாராங் என்ற ஒரே சொல் குருவிக்கும் எறும்புக்கும் தேனீக்கும் சிலந்திக்கும் வரும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கண்டாங், கோழிக்கு ரெபான். மலாய்ப் பாடத்தில் சாராங் என்று படித்தவன் தமிழ் வகுப்பில் அதைக் கூடு என்று பெயர்த்துக்கொள்கிறான். இரண்டு மொழிச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, சாராங் ஒன்றுக்குத் தமிழில் கூடு, புற்று, வலை என மூன்று வருவதைக் காட்டினால் குழப்பம் தீரும்.

மதிப்பெண் உண்மையில் போவது எழுத்தில். 'எலி வலை' என்று எழுதினால் எலியைப் பிடிக்கும் வலை ஆகிவிடும். வளைக்கு நாக்கை மடித்து மேலண்ணத்தைத் தொடவேண்டும், வலைக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொடவேண்டும். தொழுவத்தின் ழகரத்துக்கு நாக்கு மடிந்து மேலே வருடினால் போதும், அழுத்தக்கூடாது. 'புத்து' என்று பேசலாம், எழுதும்போது புற்று. மாடு, ஆடு இரண்டும் சேரும்போது டகரம் இரட்டிக்கும்: மாட்டுத் தொழுவம், ஆட்டுப்பட்டி. குருவிக்கூடு, பாம்புப் புற்று, எறும்புப் புற்று இவற்றில் ஒற்று மிகும். எலி வளை, சிலந்தி வலை, குதிரை லாயம், கறையான் புற்று இவற்றில் மிகாது.

பயிற்சித்தாளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகவேண்டாம். ஆசிரியர் விடைப்பட்டியலைப் பார்த்துத்தான் திருத்தியிருப்பார். ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடிட்டு மூன்று பத்தி போட்டு, முதலில் விலங்கு, அடுத்துப் பாடநூல் சொல், மூன்றாவதில் நம் தோட்டத்தில் பார்த்தது என்று மகனையே நிரப்பச் சொல்லி அனுப்புங்கள். மூன்றாவது பத்தியில் எழுதும் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி: யார் கட்டியது, எதனால் கட்டியது. படம் வரைந்தால் இன்னும் நல்லது. வகுப்பில் வாசிக்கச் சொல்வார்கள் என்றே நம்புகிறேன்.

பார்க்கப் போகும்போது மட்டும் சில கட்டுப்பாடுகள். மட்டை அடுக்குக்குள் கையையோ காலையோ விடக்கூடாது, பொந்துக்குள்ளும் வளைக்குள்ளும் குச்சி விடக்கூடாது. குஞ்சு இருக்கும் ஆந்தைப் பெட்டியில் ஏணி வைக்கக்கூடாது. அடியில் கிடக்கும் எலும்பு உருண்டையைக் குச்சியால் பிரித்துப் பார்த்தால் போதும், எலி மண்டையோடு முழுசாகக் கிடைக்கும், பிறகு கை கழுவவேண்டும். செம்பனையிலோ வீட்டுக் கூரையிலோ பழுப்புக் காகிதத்தில் செய்த பானை போல ஒன்று தொங்கினால் அது தெபுவான் குளவிக்கூடு, மரநாரை மென்று பூசிக் கட்டியது. கல் எறியவோ புகை போடவோ வேண்டாம். வந்த வழியே மெதுவாகத் திரும்பி, 999-ஐ அழையுங்கள். பொம்பா என்னும் தீயணைப்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து இரவில் எடுத்துவிடுவார்கள்.